பலெர்மோவில் நான் கட்டிய இரண்டு திரைகள்

பலெர்மோவுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. தாய்மாமன் வேலை பார்க்கப் போனேன்.

என் தங்கச்சி வசந்தியின் மகள் சிந்து பெரியபிள்ளையாகிவிட்டாள். சாமத்தியச் சடங்கு என்றால் தாய்மாமன் நிற்க வேண்டும், தேங்காய் உடைக்க வேண்டும், பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். படிப்பு, அனுபவம், சிபாரிசு ஒன்றும் கேட்காமல் எனக்குக் கிடைத்த பதவி வாழ்க்கையில் அது ஒன்றுதான். பாரிஸில் நான் கோப்பை கழுவுகிற சாப்பாட்டுக் கடையின் முதலாளியிடம் லீவு கேட்டு, காரணத்தை என் பிரெஞ்சில் விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது. என் தோளைத் தட்டி, "தைரியமாக இரு" என்று சொல்லி ஒரு கிழமை லீவு தந்தார். யார் செத்ததாக அவர் விளங்கிக்கொண்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பலெர்மோவில் இறங்கியதும் தெரிந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. வெயில் நம்முடைய வெயில். சத்தமும் நம்முடைய சத்தம். பாரிஸில் ரயிலில் போகிறவர்கள் எல்லாரும் செத்தவீட்டுக்குப் போகிற மாதிரி இருப்பார்கள். இங்கே சவ ஊர்வலத்துக்குப் பின்னால் போகிறவர்களே கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரிக் கத்திக் கதைத்துக்கொண்டு போனார்கள்.

வசந்தியின் புருசன், என் மச்சான், பெட்டியை வீட்டில் வைக்கக்கூட விடாமல் என்னை வுச்சீரியாச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே வாள்மீனின் தலையை வெட்டி, வாள் வானத்தைப் பார்க்க நிறுத்தி வைத்திருந்தார்கள். பார்த்தால் கும்பிட வேண்டும்போல இருந்தது. கடலை மாவைக் கிண்டி, தட்டையாக வெட்டிப் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். பனெல்லே என்று பெயராம். பஸ் ஏறி இறங்கிய கடலை வடை என்று நான் வேறு பெயர் வைத்தேன். வைத்துக்கொண்டே தின்றேன். அடுத்த பாணுக்குள் கறுப்பாக ஏதோ இருந்தது. நல்ல ருசி. கடைசி வாய் இறங்கிய பிறகு மச்சான் வாயைத் திறந்தான்.

"அது மாட்டின்ர மண்ணீரல், மச்சான்."

"உதை முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ தின்னமாட்டாய். பிறகு உன்ர பங்கையும் நான்தான் தின்னவேணும். எனக்குக் கொலஸ்ட்ரோல்."

சடங்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. ஐயர் வேலை பார்க்க வந்தவர் மற்ற நாட்களில் ஒரு டாக்டர் வீட்டில் சமையல். மொரிசியஸ் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது. ஆனால் பிள்ளையாருக்கு எங்களைவிட ஒழுங்காகத் தோப்புக்கரணம் போட்டார்கள். நான் ஓங்கி அடித்த தேங்காய் கையை விட்டுப் பறந்து, வீடியோக்காரனின் சப்பாத்தில் பட்டு உடைந்தது. உடைந்தது உடைந்ததுதான் என்று ஐயர் தீர்ப்புச் சொன்னார். என் கடமை முடிந்தது. மிச்ச நாட்களில் கடலில் குளிக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை வசந்தி வந்து, "அண்ணை, வெளிக்கிடுங்கோ. சிஞ்ஞோரா வீட்டை ஒரு வேலை" என்றாள்.

"நான் லீவில வந்தனான்."

"தேங்காய் உடைச்ச வடிவுக்கு லீவும் வேணுமோ?"

வசந்தி வேலை செய்கிற சிஞ்ஞோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், வீடு லிபெர்த்தாத் தெருப் பக்கத்தில் இருந்தது. பணக்காரர் இருக்கிற தெருக்கள். காலையில் பார்த்தால் அந்த மாடிகளின் பின்படிகளில் ஏறுகிறவர்கள் முக்கால்வாசி யாழ்ப்பாணத்துப் பெண்கள். பஸ்ஸில் வசந்தி விசயத்தைச் சொன்னாள்.

சிஞ்ஞோரா எல்வீரா யூதச் சனம். பலெர்மோவில் அவர்களை விரல் விட்டு எண்ணலாம். கும்பிடக் கோயிலும் கிடையாது. கோயில் இருந்தாலும் மனிசி போயிராது. அவர்களுக்குக் கூடாத இறாலைச் சாப்பிடும், ஓய்வுநாளான சனிக்கிழமை சீட்டாடும். புருசன் டாக்டர். போன வருசம் காலமாகிவிட்டார். ஒரேயொரு மகன் தாவிதே. அவர் பெல்ஜியத்தில் அன்வெர்ஸில் போய் இருந்து, திடீரென்று பக்தி முற்றி, தாடியும் தொப்பியுமாகிவிட்டார்.

"புதன்கிழமை பின்னேரம் டொக்டரின்ர ஆட்டத்திவசம் துவங்குது. மகன் வந்து செபம் சொல்லப்போறார். அந்தச் செபம் மகன்தான் சொல்லவேணும், பத்து ஆம்பிளையள் கூட நிக்கவேணுமாம். சவம் எடுக்கேக்கை சொன்னவர்தான். ஆனா அப்ப சிஞ்ஞோரா இடுப்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியிலை. மனிசி அதைக் கேக்கேல்லை, அண்ணை. ஒரு வருசமா அந்த ஒண்டைத்தான் சொல்லிக்கொண்டிருக்கு. என்ர வீட்டிலை, என்ர மனிசனுக்கு, என்ர பிள்ளை சொல்லுறதை ஒருக்காக் கேட்டாப் போதும் எண்டு."

"சரி, அதுக்கு நான் எதுக்கு? பத்துப் பேரிலை ஒராள் குறையுதோ?"

"உங்களை ஆர் எண்ணப் போகினம்? மகன் ஃபோன் பண்ணி, செபத்துக்கு ஒரு திரை கட்டவேணும், ஆள் பிடியுங்கோ எண்டு சொன்னவர். என்ர அண்ணை பாரிஸ் கோயிலிலை திரை பாக்கிறவர் எண்டு நான் சொல்லிப்போட்டன்."

அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. எங்கள் கோயிலில் திரைக்கயிறு இழுக்கிறவருக்கு முதுகுவலி வருகிற நாட்களில் நான் இழுப்பேன். உள்ளே சாத்துப்படி நடக்கும்போது மூட வேண்டும். மணி கேட்டதும் சட்டென்று இழுத்துத் திறக்க வேண்டும். சனம் "அரோகரா" என்று கத்தும். எனக்காகக் கத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் நிற்பேன்.

சிஞ்ஞோரா சின்ன உருவம், பெரிய குரல். பொல்லூன்றி வந்து என்னை மேலும் கீழும் பார்த்து, வசந்தியிடம் இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டார். "இவன்தான் நிபுணனோ எண்டு கேக்கிறா" என்றாள் வசந்தி.

"ஓம் எண்டு சொல்லு."

"சொல்லிப்போட்டன். இனி உங்கடை பாடு."

வரவேற்பறை எங்கள் மண்டபத்தளவு இருந்தது. மேலே கொத்துவிளக்கு. தெருவைப் பார்த்த யன்னல் பக்கத்தில் சிஞ்ஞோராவின் சாய்மனைக் கதிரை. அதற்கு நேரே அலுமாரி மேசையில் டாக்டரின் படம், படத்துக்கு முன்னால் பூச்சாடி, பக்கத்தில் கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுதிரி. புதன்கிழமை கொளுத்த வைத்திருந்தார்கள். படம், பூ, விளக்கு. ஒரு சன்னிதிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? நான் அளவெடுத்தேன். சிந்துவின் சடங்கு மண்டபத்தில் கட்டிய சிவப்புப் பட்டுத்துணி, சரிகைக் கரையோடு வீட்டில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து, வளையம் கோர்த்து, கயிறு போட்டு, படத்துக்கு முன்னால் திரை கட்டினேன். இழுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடியது.

சிஞ்ஞோராவுக்கு ஆச்சரியம். "மகன் இப்படியா கட்டச் சொன்னான்?" என்று கேட்டு, பிறகு தானே சொல்லிக்கொண்டார்: "இருக்கலாம். என் மனிசனுக்கு நாடகம் என்றால் உயிர்."

பின்னேரம் தாவிதே வந்தார். உயரமான ஆள், கறுப்புத் தொப்பி, களைத்த கண். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிஞ்ஞோரா மத்தி மீன் போட்டு பாஸ்தா சமைத்து வைத்திருந்தார். அவர் தொடவில்லை. இறால் வெந்த அந்தக் குசினிச் சட்டியில் சமைத்ததை அவர் சாப்பிடக் கூடாதாம். சொந்தக் கத்தியால் ஒரு தோடம்பழத்தை வெட்டி, தான் கொண்டுவந்த கடதாசித் தட்டில் வைத்துச் சாப்பிட்டார். தங்குவதும் துறைமுகப் பக்கம் ஒரு ஹோட்டலில். தாய் பாஸ்தாவையும் மகனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஊரில் எங்கள் வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிக்காத சில பெரிய மனிதர்கள் ஞாபகம் வந்தார்கள். ஆனால் இது அது இல்லை. இந்த மனிதர் சாப்பிடாமல் இருந்தது தாயோடு சேர்த்து அவருக்கும் வலித்தது.

அவருக்குப் பிரெஞ்சு தெரியும். என் குசினிப் பிரெஞ்சு அவருக்குப் போதுமாக இருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போய் அலுமாரி மேசைக்கு முன்னால் நிறுத்தி, கயிற்றை ஒரு இழுவை இழுத்தேன். திரை விலகி, டாக்டர் சிரித்தார்.

தாவிதே கொஞ்ச நேரம் தன் தகப்பனைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"சாமிக்கு."

"சாமிக்கு ஏன் திரை?"

"குளிக்க வேண்டும், உடுப்பு மாற்ற வேண்டும், சாப்பிட வேண்டும். சனம் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி?"

அவர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே இன்னொரு சின்னத் தொப்பி இருந்தது. நெற்றியைத் துடைத்தார். "இது என் அப்பா. எங்களுக்குச் சாமி இல்லை" என்றவர், பிறகு தடுமாறி, "சாமி இருக்கிறார், படம் இல்லை" என்றார். "நான் கேட்ட திரை சனத்துக்கு நடுவில். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்."

"அவ்வளவுதானா? எங்கள் கோயிலிலும் அப்படித்தான். ஆண்கள் ஒரு கரை, பெண்கள் ஒரு கரை. நடுவில் திரை மட்டும் இல்லை. கண் போய்வரும்."

"கண் போய்வரக் கூடாது என்பதற்குத்தான் திரை" என்றார்.

நியாயம்தான். எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு திரை இருந்திருந்தால் எனக்கு ஒரு திருவிழாவில் அவ்வளவு அடி விழுந்திராது.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் திரை. சட்டங்களை அவர் வரிசையாகச் சொன்னார். தோளுக்கு மேலே உயரம் வேண்டும். இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் தெரியக் கூடாது. காற்றுக்கு ஆடக் கூடாது. அதைவிடக் குறைந்த உயரம் போதும் என்று சொல்கிற பெரியவர்களும் உண்டாம், போதாது என்கிறவர்களும் உண்டாம், தலைமுறை தலைமுறையாக வாதாடுகிறார்களாம். எங்கள் கோயில் நிர்வாக சபைதான் உலகத்திலேயே மோசம் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நான் காட்டிய ஜோர்ஜெட் சேலைக்குப் பின்னால் அவர் தன் கையை நீட்டி, விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார். சிஞ்ஞோராவின் தடித்த கட்டில் விரிப்பு சரிவந்தது.

அதைத் தொங்கவிட நீளமான தடி வேண்டும். கபோச் சந்தையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அதாவது, நான் ஏறினேன், தடியின் பாதி ஏறியது. சாரதி இறங்கச் சொன்னார். முன்னால் இருந்த ஒரு கிழவி, "ஏன் இறங்க வேண்டும்? தடிக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லு" என்று சண்டைக்குப் போனாள். பின்னால் இருந்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். கடைசியில் தடியின் தலை யன்னலுக்கு வெளியே, நடு கிழவியின் மடியில், வால் என் கக்கத்தில். வாதாட்டத்தின் ருசியில் எந்த பஸ்ஸில் ஏறினேன் என்று நான் பார்க்கவில்லை. இறங்கும்போது முன்னால் மொந்தெல்லோக் கடல். நினைத்தபடி கடலுக்கு வந்துவிட்டேன், கையில் திரைத்தடியோடு. குளிக்கிறவர்கள் என்னை ஏதோ மீன்பிடிப் போட்டிக்கு வந்தவன் என்று நினைத்திருப்பார்கள்.

மத்தியானம் தாண்டித் திரும்பி வந்து, தாவிதே காட்டிய இடத்தில் ஆணி அடித்தேன். வரவேற்பறையும் குசினியும் சேருகிற அகலமான வளைவு வாசலில் விரிப்பைத் தொங்கவிட்டேன். வரவேற்பறை ஆண்களுக்கு. குசினிப் பக்கம் பெண்களுக்கு.

நான் ஏணியில் நிற்கும்போது வசந்தி தரையைக் கூட்டிக்கொண்டு கேட்டாள்: "அண்ணை, உது ஏன் எண்டு கேட்டனீங்களோ?"

"கும்பிடேக்கை மனம் ஓடக் கூடாதாம்."

"ஆற்றை மனம்?"

"ஆம்பிளையளின்ர."

"மனம் ஓடுறது அவைக்கு. குசினிக்குள்ளை இருக்கிறது நாங்கள்" என்றாள். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அதையே சிஞ்ஞோராவுக்கு இத்தாலிய மொழியில் சொன்னாள். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. பொல்லை ஊன்றி எழும்பி வந்து, திரையைப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் போனார். குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, வெங்காயக் கூடை. திரும்பி வந்தார்.

"என் கதிரை எங்கே இருக்கும்?" என்று மகனைக் கேட்டார்.

"அங்கே கொண்டுபோய்ப் போடலாம், மம்மா."

"அந்தக் கதிரையில் இருந்துதான் நான் உன் அப்பாவோடு கதைக்கிறேன். ஒவ்வொரு பின்னேரமும். என் வீட்டில், என் மனிசனின் படத்துக்கு முன்னால், தெரியாத பத்து ஆண்கள் நிற்பார்கள். நான் வெங்காயத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்?"

"சட்டம், மம்மா. நான் எழுதினதில்லை."

"நான் அங்கே இருக்கமாட்டேன்."

"அப்படியென்றால் நான் இங்கே சொல்ல முடியாது. ஹோட்டலில் சொல்கிறேன்."

இரண்டு பேரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாயிருக்கும். தாவிதே தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். சிஞ்ஞோரா கதிரையில் போய் இருந்து யன்னலைப் பார்த்தார். இதெல்லாம் வசந்தி பிறகு எனக்குச் சொன்னது. அந்த நேரம் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: ஏணியில் இருந்து இறங்குவதற்கு இது சரியான சமயம் இல்லை. அங்கேயே நின்றேன்.

அன்று பின்னேரம் கபோவில் வசந்தியின் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நான் சிரித்தேன். விரல் எண்ணியது, படுக்கை விரிப்பு எல்லாம். சிந்து மூலையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மா தாய், மாமா" என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் இத்தாலிய மொழிதான் முதலில் வரும்; "மா தாய்" என்றால் சும்மா போங்கோ, தெந்தா என்றால் திரை, செத்திமானா என்றால் கிழமை. "அவையின்ர தெந்தா அரை மணித்தியாலம். என்னை ஒரு செத்திமானா முழுக்கக் கட்டிலைச் சுத்திச் சேலை கட்டி உள்ளை வைச்சவை. பப்பா எட்டிப் பாக்கக் கூடாது எண்டு சொன்னவை. நீங்கள் ஆரைப் பாத்துச் சிரிக்கிறீங்கள்?"

மச்சான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். நான் கையில் இருந்த வடையை மிகக் கவனமாகப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை சிஞ்ஞோரா என்னைக் கூப்பிட்டார். இரவு நித்திரை கொள்ளாத முகம். வசந்தி நடுவில் நின்று மொழிபெயர்த்தாள்.

"ஹோட்டலுக்குப் போ. அவனிடம் ஒரு கேள்வி கேள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று சட்டம் சொல்கிறது. சரி. எந்தப் பக்கம் யாருக்கு என்றும் சொல்கிறதா?"

"ஃபோனில கேட்டா என்ன?" என்றேன்.

"நான் அவனோடு கதைக்கிறதில்லை" என்றார் சிஞ்ஞோரா. "நேற்றுப் பின்னேரத்தில் இருந்து."

இந்த முறை பஸ்ஸை நம்பவில்லை. கீழே மரக்கறி விற்கிறவனின் மூன்றுசில்லு வண்டியில் கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவில் ஏறிப் போனேன். வளைவுகளில் கத்தரிக்காய் என் மேல் விழுந்தது. சமதரையான இடங்களில் நான் கத்தரிக்காய் மேல் விழுந்தேன். எட்டாம் வகுப்புத் தாண்டாத ஒருவன் யூதச் சட்டத்தில் சந்தேகம் கேட்க இப்படித்தான் போக வேண்டும்போல.

தாவிதே ஹோட்டல் வாசலில் மூன்று யூத உல்லாசப் பயணிகளைப் பிடித்துவைத்து, பின்னேரச் செபத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் கேள்வியைச் சொன்னேன். என் பிரெஞ்சில் அது ரொம்பச் சின்னக் கேள்வியாகிவிட்டது: "ஆண்கள் குசினியில். அம்மா கதிரையில். திரை அதே திரை. சரியா, பிழையா?"

பயணிகளில் ஒருவர் சிரிக்கத் தொடங்கினார். தாவிதே என்னை நிற்கச் சொல்லிவிட்டு, தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குள் போனார். அன்வெர்ஸில் இருக்கிற தன் ரபியை, அதாவது குருவை, கேட்க வேண்டுமாம். கண்ணாடிக்குள் அவர் கையை ஆட்டிக் கதைப்பதைப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆட்டுவார், நிறுத்துவார், மறுபக்கம் ஆட்டுவார். கடைசியில் கை ஆடவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார்.

வெளியே வந்தார். காது சிவந்திருந்தது.

"என்ன சொன்னார்?"

"குசினி சுத்தமாக இருக்குமா என்று கேட்டார்."

"வசந்தி கழுவினது. நாக்கால் நக்கலாம்."

"பிறகு கேட்டார், தாய்க்கு மரியாதை செய்யச் சொல்கிற கட்டளை எங்கே இருக்கிறது என்று. பத்துக் கட்டளைக்குள் என்றேன். அப்படியானால் திரை அந்தப் பத்துக்குள் எங்கே இருக்கிறது என்று கேட்டார்." கொஞ்ச நேரம் துறைமுகத்தைப் பார்த்தார். "இதைக் கேட்கவா அவ்வளவு தூரத்தில் இருந்து ஃபோன் பண்ணினாய் என்றும் கேட்டார்."

பின்னேரம் ஆட்கள் வந்தார்கள். ஒரு பல் டாக்டர், கத்தானியாவில் இருந்து வந்த அண்ணன் தம்பி, பல்கலைக்கழகத்து ஆள், மிச்சம் பயணிகள். எல்லாரும் கொத்துவிளக்குக்குக் கீழே ஒரு நிமிடம் நின்று மூச்சு விட்டார்கள். பிறகு வசந்தி அவர்களை, "ப்ரேகோ, ப்ரேகோ" என்று குசினிக்குள் ஓட்டினாள். தாவிதே பையில் இருந்து திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார். ஜெருசலேமைப் பார்த்துத்தான் கும்பிட வேண்டுமாம்; அது குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. பத்து ஆண்களும் அதைப் பார்த்து நின்றார்கள். பல் டாக்டருக்கு வயிறு பெரிது. அவர் அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் ஒருமுறை மாட்டியபிறகு, செபம் முடியும்வரை அசையவில்லை. அவ்வளவு பக்தியாக நின்றவர் வேறு யாருமில்லை.

பெண்கள் பக்கம் வரவேற்பறை. சிஞ்ஞோரா தன் கதிரையில், கறுப்பு உடுப்பில், படத்துக்கு நேரே. விளக்கு எரிந்தது. பக்கத்தில் மேல்மாடிக் கொன்செத்தா, சீட்டாட்டக் கூட்டாளி, கையில் செபமாலையோடு. "இது யூதச் செபம்" என்று சிஞ்ஞோரா ஞாபகப்படுத்தினார். "கடவுளுக்குத் தெரியும்" என்றாள் கொன்செத்தா. வசந்தி சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

தொடங்கப் போகிற நேரம் சிரொக்கோ அடித்தது. ஆபிரிக்காவில் இருந்து வருகிற சூட்டுக் காற்று. யன்னலை மூடினால் புழுங்கிச் சாக வேண்டும். திறந்தால் திரை பாய்மரம் மாதிரி ஊதியது. தாவிதே என்னைப் பார்த்தார். ஆடக் கூடாது. நான் கீழ்விளிம்பில் கதிரைக் காலை வைத்தேன். ஊதியது. தடியைக் கயிற்றால் கட்டினேன். ஊதியது. கடைசியில் வாசல் ஓரத்தில் நின்று, ஒரு கையால் தடியையும் மறு கையால் விரிப்பையும் இறுக்கிப் பிடித்தேன். நின்றது.

"நான் இப்படியே நிற்கட்டுமா? நான் எந்தப் பக்கக் கணக்கு?"

தாவிதே யோசித்தார். "நீ திரையின் பகுதி" என்றார்.

வாழ்க்கையில் பல இடங்களில் பல மாதிரி என்னைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரு மதத்தின் சட்டப்படி கம்பமாக எடுத்தது இதுதான் முதல் தடவை. கம்பத்துக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு பக்கமும் அதற்குத் தெரியும்.

செபம் வேகமாக ஓடியது. ஆண்கள் முணுமுணுத்தார்கள், குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். பிறகு எல்லாரும் பேசாமல் நின்றார்கள். தாவிதே மட்டும் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் இதுதான் அது என்று சிஞ்ஞோராவின் கையைப் பார்த்து விளங்கியது. பொல்லின் பிடியில் விரல்கள் வெளுத்துப்போயின. ஆண்கள் இடைக்கிடை "ஆமேன்" என்றார்கள். பாதியில் தாவிதேயின் குரல் அடைத்தது. குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவரும் அசையவில்லை. பல் டாக்டருக்கு அசையவும் இயலாது.

"தாவிதே" என்றார் சிஞ்ஞோரா, திரையைப் பார்த்து. "பலமாகச் சொல்லு. கேட்கவில்லை."

செபத்துக்கு நடுவில் கதைக்கக் கூடாதாம், பிறகுதான் சொன்னார்கள். தாவிதே ஒரு கையைத் தூக்கி, திரையில் வைத்தார். எனக்குப் பக்கத்தில்தான் வைத்தார். விரிப்புக்கு அந்தப் பக்கம் ஐந்து விரலும் அழுத்தித் தெரிந்தன. பிறகு பலமாகச் சொன்னார். முடிவில் ஆண்கள் சொன்ன "ஆமேன்" எனக்குக் கேட்கவில்லை. சிஞ்ஞோரா சொன்னது அவ்வளவு சத்தம். கொன்செத்தாவும் சொன்னாள். வசந்தியும் சொன்னாள். திரை ஆடியிருந்தால் அது காற்றால் இல்லை.

முடிந்து வெளியே வந்த ஆண்கள் மழையில் நனைந்த மாதிரி வியர்த்திருந்தார்கள். சிஞ்ஞோரா வியர்க்காமல் இருந்தார். பயணி ஒருவர் அறையைச் சுற்றிப் பார்த்து, "நான் இவ்வளவு காலமும் போன இடங்களில் நல்ல பக்கம் ஆண்களுக்கு இருந்தது" என்றார். "இப்போது தெரிகிறதா?" என்றார் சிஞ்ஞோரா. அவருக்கு ஒரு தோடம்பழம் கொடுத்தார்.

அடுத்த நாள் காலையும் பின்னேரமும் அதே ஆட்கள், அதே குசினி. நானும் அதே கம்பம். அதோடு ஆட்டத்திவசம் முடிந்தது. ஆட்கள் விடைபெற்றுப் போனார்கள். தாவிதே ஞாயிற்றுக்கிழமை அன்வெர்ஸ் திரும்புவதாக வசந்தி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை எனக்குப் பாரிஸ் ரயில். போகிற வழியில் திரையைக் கழற்றி, ஆணி ஓட்டைகளை அடைத்துவிட்டுப் போகலாம் என்று சுத்தியலோடு வசந்தியின் பின்னால் படியேறினேன். வசந்தி துணி எடுக்கப் பின்னறைக்குப் போய்விட்டாள். நான் வரவேற்பறைக்குள் வந்தேன்.

சிஞ்ஞோரா கதிரையில் இருந்தார். திரைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு குரல் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பத்துப் பேர் இல்லை. ஒருவர்தான். தனியாகக் கும்பிட அவருக்கு ஹோட்டல் அறையே போதும். ஏன் இங்கே வந்தார் என்று நான் கேட்கவில்லை. வாசலில், ஹோட்டலில் இருந்து கொண்டுவந்த அவருடைய பயணப் பெட்டி நின்றது. அதன் மேல் இன்னும் இறால் படாத புதுச் சட்டி ஒன்று, சந்தைக் கடதாசி சுற்றியபடி.

நான் தடியைக் காட்டி, கழற்றட்டுமா என்று சைகையால் கேட்டேன்.

சிஞ்ஞோரா பொல்லைத் தூக்கினார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அதன் நுனியை என் சுத்தியலில் வைத்து மெல்லக் கீழே அழுத்தினார். மறு கையின் விரல் உதட்டில் இருந்தது.

நான் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பெண்கள் பக்கத்தாலேயே நடந்து வெளியே வந்தேன்.